அடுத்தவர் தோண்டிய குழியில் ஒரு குளிர்காலம்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வின்னிபெக் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் நார்சீஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. ஜனவரி மாதம் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். கடுமையான இரவுகளில் 40 டிகிரி வரை போகும். வெறுங்கையை வெளியே நீட்டினால் சில நிமிடங்களில் விரல் மரத்துப்போகும் குளிர் அது. அந்தப் பனிப்பரப்புக்கு அடியில், சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளில், பல்லாயிரக்கணக்கான பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. செம்பக்க கார்ட்டர் பாம்பு என்று அவற்றுக்குப் பெயர். முதுகில் மஞ்சள் கோடும் பக்கங்களில் சிவப்புத் தீற்றலும் கொண்ட, மனிதர்களுக்குத் தீங்கு செய்யாத, மெல்லிய பாம்பு. உலகில் வேறெங்கும் இத்தனை பாம்புகள் ஓரிடத்தில் கூடுவதில்லை.

பாம்பு என்றாலே வெயிலும் வெக்கையும் நினைவுக்கு வருகிற ஊர்களிலிருந்து போன நமக்கு இது நம்பமுடியாத செய்தியாகத்தான் இருக்கும். தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத உயிரினம் பாம்பு. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உடலும் சூடு. இறகும் கிடையாது, ரோமமும் கிடையாது. அப்படிப்பட்ட உடம்பு மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும் நிலத்தில் எப்படிப் பிழைக்கிறது?

பாம்பின் உடம்புக்குள் ஏதோ ஓர் அற்புத ரசாயனம் இருக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். வட அமெரிக்காவின் மரத் தவளையிடம் அப்படியொன்று இருப்பது உண்மை. குளிர்காலத்தில் அது இலைச்சருகுக்கு அடியில் கட்டையாக உறைந்துபோகிறது, இதயமும் நின்றுவிடுகிறது, செல்களுக்குள் நிரம்பிய சர்க்கரை அவற்றைக் காப்பாற்றுகிறது, வசந்தத்தில் உருகி எழுந்து தத்திப் போகிறது. கார்ட்டர் பாம்புக்கும் இந்தத் திறமை உண்டா என்று 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஆய்வுக்கூடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 2.5 டிகிரியில், உடலின் நீரில் ஏறத்தாழ 40 சதவீதம் வரை பனிக்கட்டியான பாம்புகள்கூட, சில மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைத்துக்கொண்டன. நேரம் நீள நீளப் பிழைத்தவை குறைந்தன. ஒரு நாள் முழுக்க உறைந்து கிடந்தவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இலையுதிர்காலத்தில் திடீரென்று வரும் ஓர் இரவுப் பனியைச் சமாளிக்க அந்தச் சில மணி நேரம் போதும். மனிடோபாவின் ஜனவரிக்கு அது எம்மாத்திரம்?

ஆகவே பாம்பு குளிரோடு மோதுவதில்லை, குளிர் எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. அதன் பிழைப்பில் பெரும்பங்கு உடலின் திறமையைவிட இடத்தைப் பற்றிய அறிவைச் சார்ந்தது. குளிர்நாட்டுப் பாம்பை ஒரு நல்ல குழியிலிருந்து பிரித்துப் பேசவே முடியாது என்பதுதான் என் எண்ணம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாம்புக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. உறைந்த மண்ணுக்குக் கீழே போகும் ஆழத்துக்கு அதனால் தோண்ட முடியாது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். நம் ஊரில் அந்தப் பழமொழியைக் குறையாகத்தான் சொல்கிறோம்; வடக்கே பாம்புகள் உயிரோடிருப்பதே அந்தக் குடிபுகுதலால்தான். நார்சீஸில் குழி தோண்டியது தண்ணீர். மண்ணுக்குச் சற்றுக் கீழேயே அங்கே சுண்ணாம்புப் பாறை தொடங்குகிறது. மழைநீரும் உருகிய பனிநீரும் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்கியிருக்கின்றன. கூரை பலவீனமான இடங்களில் நிலம் உள்வாங்கிப் பள்ளங்களாகியிருக்கிறது. அந்தப் பள்ளங்களின் அடியில் விரல் நுழையும் அளவு பிளவுகள், அவற்றின் வழியே மண் உறையும் ஆழத்தையும் தாண்டி இறங்கும் பாதைகள். இத்தனை பாம்புகள் ஏன் ஒரே இடத்தில் குவிகின்றன என்பதற்கு இதுவே விடை. ஒன்றையொன்று தேடி அவை வரவில்லை; தகுந்த பிளவுகள் சில இடங்களில் மட்டுமே இருக்கின்றன.

அதே மனிடோபாவில் 1930களில் ஒருவர் கைவிடப்பட்ட எறும்புப் புற்று ஒன்றைத் தோண்டிப் பார்த்தார். குளிர்காலத்துக்காக உள்ளே 250க்கும் மேற்பட்ட பாம்புகள் அடைந்திருந்தன. மூன்று இனங்கள்: பென்சில் பருமனுள்ள பச்சைப் பாம்புகள், செவ்வயிற்றுப் பாம்புகள், சில கார்ட்டர் பாம்புகள். வெளியே பார்த்தால் புல் மண்டிய சிறு மேடு, அவ்வளவே. எறும்புகள் கீழ்நோக்கித் தோண்டிய சுரங்கங்களில் மேல்பகுதி காலியாகக் கிடக்க, ஆழம் கூடக்கூடப் பாம்புகளும் கூடின. ஒரு கூடை மண்ணுக்குள் ஒரு வட்டாரத்துப் பாம்புக்கூட்டமே ஒளிந்திருந்தது என்று சொல்லலாம். அந்த மேட்டை ஓர் உழவு இயந்திரம் கிளறிப்போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

ஒண்டாரியோ, மிச்சிகன் பகுதிகளின் சதுப்பு நிலங்களில் வாழும் மசாசாகா என்ற கிலுகிலுப்பைப் பாம்புக்கு வீடு கட்டித் தருவது கிரேஃபிஷ் எனப்படும் நன்னீர் இறால் இனம். ஈரமண்ணில் அது தோண்டும் செங்குத்தான வளைக்குள் பெரும்பாலும் ஒரு பாம்பு தனியாக இறங்கிவிடும். வளையின் அடியில் நிலத்தடி நீர் நிற்கும். பாம்பு அந்த நீரையொட்டி, சில சமயம் உடம்பு முழுக்க நீரில் மூழ்கியபடி, குளிர்காலத்தைக் கழிக்கிறது. மேலிருந்து உறைபனி இறங்குகிறது, கீழிருந்து நீர்மட்டம் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே உறையாத, மூச்சுக்குப் போதிய ஆக்சிஜன் உள்ள ஒரு சிறு இடைவெளி. அதற்குள்தான் அந்தப் பாம்பின் நான்கைந்து மாத வாழ்க்கை. குளிர்காலத்தின் நடுவில் யாராவது வாய்க்கால் வெட்டிச் சதுப்பின் நீரை வடித்துவிட்டால் அந்த இடைவெளி குலைந்துபோகிறது. பாம்பு காய்ந்தோ உறைந்தோ சாகிறது. மேலே பனிமூடிய வெளியில் அதற்கான தடயம்கூடத் தெரியாது.

நீரில் மூழ்கிய பாம்புக்கு மூச்சு எப்படி? குளிர்ந்த உடம்புக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. 4, 5 டிகிரியில் இதயம் மிக மெதுவாகத்தான் துடிக்கிறது. நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தோல் வழியாகவே ஓரளவு இழுத்துக்கொள்ள முடிகிறது. கார்ட்டர் பாம்புகளும் நீர் நிறைந்த குழிகளில் இப்படி மூழ்கிக் கிடப்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் காஸ்டான்சோ 1980களில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆராய்ந்திருக்கிறார். நீர் அவற்றுக்கு இடைஞ்சல் இல்லை, துணை. குளிர்கால உறக்கத்தில் பட்டினியால் சாவதைவிட உடல் வறண்டு சாவதற்கே அதிக வாய்ப்பு. மூச்சு விடும்போதும் தோல் வழியாகவும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். ஈரமான குழியில் கிடந்தால் அந்த இழப்பு குறையும். கொழுப்பை எரிக்கும் வேகம் குளிரில் அடங்கிவிடுவதால், கோடையில் சேர்த்த சேமிப்பில் பெரும்பகுதி வசந்தம் வரைக்கும் மிச்சமிருக்கும்.

உறங்கப் போகும் முன் பாம்பு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வதும் முக்கியம். செரிமானத்துக்குச் சூடு வேண்டும். செரிக்காத இரை வயிற்றுக்குள்ளேயே அழுகினால் பாம்பு பிழைக்காது. அதனால் இலையுதிர்காலத்திலேயே அது இரையெடுப்பதை நிறுத்திவிடுகிறது. பாம்பு வளர்ப்பவர்களும் குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பும் முன் சில வாரம் இரை போடாமல் விடுவது இதனால்தான்.

நார்சீஸ் பாம்புகள் கோடையைக் கழிப்பது தவளைகள் நிறைந்த சதுப்புகளில். குழியிலிருந்து 17, 18 கிலோமீட்டர் தள்ளிக்கூடப் போனதைக் குறியிட்ட பாம்புகளைக் கொண்டு 1970களில் கண்டறிந்தார்கள். அரை மீட்டர் நீளமுள்ள உடம்புக்கு அது சிறிய தூரமில்லை. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும், இன்னும் நல்ல வெயில் இருக்கும்போதே, அவை பழைய குழியை நோக்கித் திரும்பிவிடுகின்றன. குளிர் வந்த பிறகு கிளம்பினால் வழியிலேயே உடல் விறைத்துவிடும். குழியருகே வந்தும் உடனே உள்ளே இறங்குவதில்லை. பகலில் விளிம்பில் வெயில் காய்ந்து, இரவில் பிளவுக்குள் ஒதுங்கி, சில வாரங்களை அப்படியே கழிக்கின்றன.

குழிக்குள் இறங்கிய பின் நடப்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி. நமக்குக் குளிர்காலத்தின் உச்சம் ஜனவரி. பாம்புக்கு ஏப்ரல். மேலே உள்ள குளிர் மண்ணுக்குள் மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. பல மீட்டர் ஆழத்தை எட்ட மாதங்கள் பிடிக்கின்றன. மனிடோபாவில் பாம்புகளின் உடலுக்குள் சிறு வெப்பப் பதிவுக் கருவிகளைப் பொருத்திப் பார்த்த ஆய்வில், செப்டம்பரில் ஏறத்தாழ 15 டிகிரியாக இருந்த உடல்வெப்பம் ஆட்டமின்றிச் சீராக இறங்கி, ஏப்ரல் தொடக்கத்தில் ஏறத்தாழ 1 டிகிரியைத் தொட்டது. வெளியே 40 டிகிரி உறைகுளிர் அடித்த வாரங்களில்கூட அந்த இறக்கத்தில் தாவலோ சரிவோ இல்லை. பூஜ்யத்துக்கு அருகே போனதே தவிர, அதைக் கடக்கவில்லை. வசந்தத்தில் மேல்மண் சூடாகி, அடிமண் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும் ஒரு கட்டம் வருகிறது. குளிர்காலம் முழுக்க நிலவியதற்கு நேர்மாறான நிலை. இருட்டில் நாளோ தேதியோ தெரியாத பாம்புகளுக்கு வெளியே போகும் வேளை வந்துவிட்டது என்று உணர்த்துவது இதுதான் என்று கருதுகிறார்கள்.

ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை பள்ளங்களின் தரையே நெளிகிறது. முதலில் வெளிவருபவை ஆண்கள். பெண் பாம்புகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வருகின்றன. பருத்த பெண் ஒன்று பிளவிலிருந்து தலையை நீட்டியதும் சுற்றியிருக்கும் ஆண்கள் அதன் தோலில் உள்ள வாசனையை நாக்கால் அறிந்துகொண்டு மேலே விழுகின்றன. சில நிமிடங்களில் பத்து, ஐம்பது, சில நேரம் நூறு ஆண்கள் ஒரு பெண்ணைச் சுற்றிப் பந்தாகத் திரண்டு பள்ளத்தின் சரிவில் உருள்கின்றன. இந்த நெரிசலில் மூச்சுத் திணறிச் சாகும் பாம்புகளும் உண்டு. இன்னொரு விசித்திரம்: அப்போதுதான் வெளிவந்த சில ஆண் பாம்புகளே பெண் வாசனையை வீசுகின்றன. மற்ற ஆண்கள் ஏமாந்து அவற்றின்மேல் படருகின்றன. குளிர்ந்து மந்தமாகக் கிடக்கும் உடம்புக்கு அந்தச் சூடு கிடைக்கிறது, மேலே திரண்ட கூட்டம் காகத்தின் பார்வையிலிருந்தும் மறைக்கிறது. 2001-இல் ரிக் ஷைனும் அவருடைய சக ஆய்வாளர்களும் தந்த விளக்கம் இது. காகங்களிடமிருந்து மறைவது வீண் ஜாக்கிரதை இல்லை. குளிரில் ஓட முடியாத பாம்பை இழுத்து, வயிற்றைக் கிழித்து, கல்லீரலை மட்டும் தின்றுவிட்டு அடுத்ததைத் தேடிப் போகும் பழக்கம் அங்குள்ள காகங்களுக்கு இருக்கிறது.

இவ்வளவு கச்சிதமான ஏற்பாடும் தவறும். நார்சீஸில் ஒரு காலத்தில் 70,000 பாம்புகள் வரை இருந்ததாகக் கணக்கிட்டிருந்தார்கள். 1999-இல் அவற்றில் பல்லாயிரம் மடிந்தன. உறைபனி எட்டாத ஆழத்துக்கு அவை போய்ச் சேரும் முன்பே கடுங்குளிர் வந்துவிட்டது. இந்த நாடுகளில் பனிப்பொழிவை எல்லோரும் திட்டுகிறார்கள். பாம்புக்கோ அது காவல். தளர்வாக விழுந்த பனிக்குள் காற்று நிறைய அடைபட்டிருக்கும். மண்ணின் சூட்டை அது வெளியே போக விடாது. பனி விழாமல் வெறும் குளிர் மட்டும் அடித்தால் உறைபனி மண்ணுக்குள் வெகு ஆழம் இறங்கிவிடும். குளிர்காலம் மிதமானால் பாம்புகளுக்கு நல்லதுதானே என்று சொல்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். பனிப்போர்வை மெலிந்துபோன ஆண்டில் ஒரே ஒரு கடுங்குளிர் வாரம் வந்தாலும் ஆபத்துதான்.

அந்த இழப்புக்குப் பிறகுதான் சாலையில் சாகும் பாம்புகளின் கணக்கு எல்லோருக்கும் உறைத்தது. குழிகளுக்கும் சதுப்புகளுக்கும் இடையே 17ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதைக் கடக்கையில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பாம்புகள் வரை வாகனங்களில் நசுங்கின. சாலைக்கு அடியில் சிறு சுரங்கக் குழாய்களைப் பதித்து, அவற்றை நோக்கிப் பாம்புகளைத் திருப்பும் தாழ்வான வேலிகளை அமைத்த பின் சாவு வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன் வேறொரு கொடுமையும் நடந்தது. ஆய்வுக்கூடங்களில் அறுத்துப் பார்க்கவும் விற்கவும் இந்தப் பாம்புகளைக் குழி வாயிலிலேயே மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மாவட்டத்துப் பாம்புகள் முழுவதும் ஒரு பள்ளத்தில் கூடும்போது அள்ளுவது எவ்வளவு சுலபம்! 1990களின் தொடக்கத்தில் மாகாண அரசு அதை நிறுத்தியது. இன்று அந்தப் பள்ளங்களைச் சுற்றி நடைபாதை அமைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் இன்னும் வடக்கே போகும் பாம்பு ஒன்று இருக்கிறது. பொது ஐரோப்பிய விரியன் ஸ்காண்டிநேவியாவில் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வாழ்கிறது. கிழக்கே ரஷ்யாவின் சகலின் தீவு வரை பரவியிருக்கிறது. வடகோடியில் ஆண்டில் எட்டு மாதம் வரை அது மண்ணுக்குள்தான். எஞ்சிய நான்கு மாதத்தில் இரை தேடி, இணைசேர்ந்து, இனம் பெருக்க வேண்டும். அந்த மண்ணில் முட்டையிட்டால் குளிரில் பொரியாது. எனவே தாய் முட்டைகளை வயிற்றுக்குள்ளேயே சுமந்து, வெயில் விழும் பாறையிலிருந்து பாறைக்கு உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நகர்ந்து, தன்னையே அடைகாக்கும் இடமாக்கி, குட்டிகளாக ஈனுகிறது. ஒருமுறை ஈன்றால் உடம்பு தேற ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும். அதே நாடுகளில் முட்டையிடும் புல் பாம்புக்குத் துணை நிற்பது மாட்டுச் சாணமும் எருக்குவியலும்தான். எரு மக்கும்போது எழும் சூட்டில் முட்டைகள் பொரிகின்றன. பண்ணைகள் இல்லாவிட்டால் அந்தப் பாம்பு அவ்வளவு வடக்கே போயிருக்காது. திபெத்தில் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலே வாழும் ஒரு பாம்பினம் வெந்நீர் ஊற்றுகளை ஒட்டியே குடியிருக்கிறது. குளிருக்கு எதிரான வேலையை இங்கும் வேறொன்றுதான் செய்து தருகிறது.

அமெரிக்காவின் வடகிழக்கில் காட்டுக் கிலுகிலுப்பைப் பாம்புகள் பாறை இடுக்குகளில் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் குளிர்காலம் கழிக்கின்றன. பிறந்து சில வாரமே ஆன குட்டிகள் பெரிய பாம்புகள் விட்டுச்சென்ற வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அந்த இடுக்குக்கு வழி தெரிந்துகொள்கின்றன. பெண் பாம்பு முதல் குட்டி ஈனவே ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆகும். பிறகும் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். பாம்பு கொன்றால் பணம் கொடுத்த காலத்தில் வேட்டையாடியவர்கள் வசந்தத்தில் இந்த இடுக்குகளின் வாசலிலேயே காத்திருந்தார்கள். அப்படித் துடைத்தெடுத்த பல இடங்களுக்குப் பாம்புகள் இன்றுவரை திரும்பவில்லை. இடுக்கு அங்கேயே இருக்கிறது. ஆனால் வழிகாட்டும் வாசனைத் தடத்தை விட்டுச்செல்லப் பெரிய பாம்பு எதுவும் மிஞ்சவில்லை.

கனடாவில் வாழும் தமிழர்களுக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. டொரோன்டோவையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்த்துத் தெற்கு ஒண்டாரியோ முழுக்கக் கார்ட்டர் பாம்பு சாதாரணமாகக் காணக் கிடைக்கிறது. பழைய வீட்டின் அடித்தளச் சுவரில் உள்ள வெடிப்பு அதற்குப் பாறைப் பிளவுதான். அக்டோபரில் வீட்டுச் சுவரோரம் வெயில் காயும் பாம்பைக் கண்டால், அது குளிர்காலத்துக்கு இடம் தேடி வந்ததாக இருக்கும். அடிக்க வேண்டாம், அது கடித்தாலும் கீறலுக்கு மேல் ஒன்றுமில்லை. பிடித்துக் காரில் வைத்துத் தொலைவான பூங்காவில் விட்டுவருவதைப் பலர் இரக்கம் என்று நினைத்துச் செய்கிறார்கள். இலையுதிர்காலத்தில் அது ஏறக்குறைய மரண தண்டனை. புதிய இடத்தில் எந்தப் பிளவு எங்கே இருக்கிறது, எது போதிய ஆழம் இறங்குகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க அந்தப் பாம்புக்கு நாள் போதாது. ஜனவரியில் அடித்தள அறைக்குள் ஒன்று வந்துவிட்டால் வெளியே பனியில் வீசவும் வேண்டாம், சூடான அறையில் வைத்துத் தீனி கொடுக்கவும் வேண்டாம். காற்றுத் துளையுள்ள மூடிய பெட்டியில் ஈரத்துணியோடு, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஆனால் உறையாத மூலையில் வைத்துவிட்டு, உள்ளூர் வனவிலங்கு மீட்பு மையத்தைத் தொலைபேசியில் கேட்பது நல்லது.

சுவர் வெடிப்பை அடைத்தே ஆக வேண்டுமென்றால் பாம்புகள் வெளியேறிப்போன ஜூன், ஜூலையில் அடைக்கலாம். இலையுதிர்காலத்தின் கடைசியில் அடைத்தால் உள்ளே இருப்பவை சிக்கிக்கொள்ளும், திரும்பி வருபவை பனியில் நிற்கும். தோட்டத்து மூலையில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, உடைந்த கற்களையும் பழைய மரக்கட்டைகளையும் இடைவெளி விட்டு நிரப்பி, தெற்கே வெயில் விழும் பக்கம் வாயில் வைத்து, மேலே மண்ணும் சருகும் போட்டு மூடிவிட்டால் அடைத்த வெடிப்புக்கு மாற்றிடம் தயார். வாயில் அருகே மழைநீர் தேங்காத மேட்டைப் பார்த்து வெட்டுவதும், கோடையிலேயே வேலையை முடித்துவிடுவதும் அவசியம். செப்டம்பரில் வரும் பாம்புக்கு அப்போதுதான் அதைச் சுற்றிப் பார்த்துப் பழக நேரம் கிடைக்கும்.